துண்டு துக்கடா படித்து வங்காளம் வருமா?

கேள்வி, ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் (2025 பிப்ரவரி 8)

கடை போர்டு, மருந்துச் சீட்டு, விடுகதை, நாலு வரிப் பாட்டு என்று துண்டு துக்கடாவாகப் படித்தால் எந்த மொழியும் வராது. நான் தெலுங்குக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன், பஸ் போர்டோடு நின்றுபோச்சு. ஒரு முழு நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முட்டி மோதினால்தான் மொழி உள்ளே இறங்கும். வேலூரில் இருந்துகொண்டு வங்காளம் படிப்பதாக இங்கே ஒருத்தர் எழுதினாரே, அவர் பதில் சொல்லட்டும்.

பிப்ரவரி 9

அது நான்தான். தோட்டப்பாளையம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் மேற்கு வங்காளத்துக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும் எவ்வளவு பேர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ், மெஸ், ரயில் டிக்கெட் ஏஜென்சி, போன் ரீசார்ஜ் கடை என்று எதைப் பார்த்தாலும் போர்டில் வங்காள எழுத்து இருக்கும். எங்கள் கடைப் பையன்கள் காதால் கேட்டே சரளமாகப் பேசுகிறார்கள். எனக்கு வாசிக்கவும் வேண்டும் என்று ஆசை.

நாவலை எடு என்கிறீர்கள். காலையில் ஷட்டர் தூக்கினால் ராத்திரி இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை எனக்கு. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு துண்டு விளம்பரத்தை ஆரம்பித்து முடித்துவிடலாம். நாவலில் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வாரம் ஓடிவிடும், முதல் பத்தியில் யார் வந்தார்கள் என்பதே மறந்துபோகும். ஆரம்பித்ததை முடித்தோம் என்ற திருப்தி இல்லாமல் எந்தப் படிப்பும் நிற்காது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

மீதியைப் போகப்போக எழுதுகிறேன்.

பிப்ரவரி 10

எழுத்து கஷ்டமா என்று சோளிங்கரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

தமிழ்க் கண்ணுக்குப் பாதிக் கஷ்டம் கிடையாது. எழுத்தெல்லாம் மேல்கோட்டிலிருந்து தொங்கும், அது பழகிவிடும். நமக்கு 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது அல்லவா, அங்கேயும் எகரக் குறி முன்னால்தான். 'கொ' எழுத முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதுவும் நம்மைப் போலவே. இந்தியில் இது கிடையாது, அதனால் இந்தி வழியாக வருகிறவர்களைவிட நமக்கு இது சுலபம்.

கஷ்டம் கூட்டெழுத்தில் இருக்கிறது. நமக்கு 'க்ஷ', 'ஸ்ரீ' என்று ஒன்றிரண்டு. அவர்களுக்கு நூற்றுக்கு மேல். சில கூட்டெழுத்துகளில் எந்த இரண்டு எழுத்து சேர்ந்தது என்று உருவத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அப்புறம் ச, ஷ, ஸ மூன்றுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, ஆனால் வாயில் பெரும்பாலும் மூன்றும் 'ஷ'தான். அகரமும் பல இடத்தில் ஒகரமாகிவிடும். 'ஜல' என்று எழுதியிருப்பதை 'ஜொல்' என்று வாசிப்பார்கள். இந்த இடத்தில்தான் காது உதவிக்கு வருகிறது. ஏற்கெனவே கடையில் ஆயிரம் முறை கேட்ட சொல் என்றால் கண் தடுமாறினாலும் வாய் சரியாகச் சொல்லிவிடும்.

பிப்ரவரி 13

இது உயிர் விஷயம் என்பதால் தனியாக எழுதுகிறேன். லாட்ஜில் வேலை செய்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கேண்டீன்காரர்கள் எல்லாரும் கவனியுங்கள்.

வங்காள எண்களில் நாலு என்பது பார்வைக்கு அச்சு அசல் நம் 8. ஏழு என்பது 9 மாதிரி. ஒன்று என்ற எண்ணும் அவசரத்தில் பார்த்தால் 9தான்.

பங்களாதேஷிலிருந்து வருகிறவர்கள் ஊரில் பார்த்த டாக்டர் எழுதிய பழைய சீட்டைக் கொண்டுவருவார்கள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், எப்படிச் சாப்பிடுவது என்பது வங்காளத்தில் இருக்கும். நம் டாக்டர்கள் 1-0-1 என்று எழுதுவதை அங்கே கூட்டல் குறி போட்டு 1+0+1 என்று எழுதுவார்கள். அது யாருக்கும் புரியும். பக்கத்தில் 'நாலு நாள்' என்று அவர்கள் எண்ணில் எழுதியிருந்தால், தெரியாதவர் கண்ணில் அது எட்டு நாள். அறை எண், பஸ் நேரம், போன் நம்பர் எல்லாவற்றிலும் இதே ஆபத்து.

பத்து எண்களையும் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். கூடவே இரண்டு துண்டு வாக்கியம்: 'காபார் ஆகே' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'காபார் பொரே' என்றால் சாப்பாட்டுக்குப் பின். வங்காளத்தில் நான் படித்த எதுவும் இந்த இரண்டைப் போல உபயோகப்படவில்லை.

பிப்ரவரி 14

"மாத்திரைக் கவரில் எழுதியிருப்பதை வாசிப்பு என்று சொல்வீர்களா?" என்று ஆற்காட்டுக்காரர் கேட்கிறார்.

சொல்வேன். வரியில் ஒரு எழுத்து தப்பினால் ஒருவர் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்து வாசிக்கிறோமே, அந்தக் கவனத்தை எந்த நாவலும் என்னிடம் வாங்கியதில்லை.

பிப்ரவரி 21

இன்றைக்கு உலகத் தாய்மொழி நாள். பள்ளிப் புத்தகத்துக்கு எழுதின மாதிரி ஒரு சின்னப் பத்தி கிடைத்தது. 1952 பிப்ரவரி 21, அன்றைக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்கா. உருது மட்டும்தான் அரசு மொழி என்றதை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது, சலாம், பர்கத், ரஃபீக், ஜப்பார் ஆகியோர் உயிரைக் கொடுத்தார்கள். 1956இல் வங்காளமும் பாகிஸ்தானின் அரசு மொழி ஆனது. 1999இல் யுனெஸ்கோ இந்த நாளை உலகம் முழுவதற்கும் உரியதாக அறிவித்தது.

அகராதி இல்லாமல் முழுவதையும் படித்துவிட்டேன். காரணம் என் வங்காளம் வளர்ந்துவிட்டது என்பதல்ல, விஷயம் ஏற்கெனவே தெரிந்தது. ஜனவரி 25ஐ மொழிப்போர் தியாகிகள் நாளாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சிறைக்குப் போய் 1939இல் உயிர்விட்ட நடராசனையும் தாளமுத்துவையும் பாடத்தில் படித்தவர்களுக்கு, அந்தப் பத்தியின் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புது மொழியில் தெரிந்த விஷயத்தைப் படிப்பது ஒரு பெரிய குறுக்கு வழி. துண்டு வாசிப்பில் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பெயர்களை உரக்க வாசித்தபோது கடையில் நின்ற ஒரு டாக்கா பெரியவர் தானும் சேர்ந்து சொன்னார். அவர் போன பிறகும் வெகுநேரம் மனசு ஒரு மாதிரியாக இருந்தது.

மார்ச் 2

துண்டு வாசிப்பு எங்கே கிடைக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். தேடிப் போக வேண்டாம், ரயில் ஏறி வந்துவிடுகிறது. ஹவுராவிலிருந்தும் குவஹாத்தியிலிருந்தும் பெங்களூரு போகிற வண்டிகளில் காட்பாடியில் இறங்குகிறவர்கள் பையில் பொரி, பிஸ்கட், மருத்துவ ஃபைல் எல்லாம் இருக்கும். ஃபைலுக்கு அட்டையாகவோ கண்ணாடிக் குப்பிக்குச் சுற்றாகவோ ஊர்ப் பேப்பர் ஒன்று இருக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனந்தபஜார் பத்திரிகை 1922லிருந்து வருகிறது, அதன் தாள்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

அப்படி வந்த ஒரு தாளில் 'மணமகள் தேவை' பக்கம். ஒவ்வொன்றும் நாலைந்து வரி. முதலில் சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன், அப்புறம் விட முடியவில்லை. வயது, உயரம், படிப்பு, சாதி, வேலை, சொந்த வீடு என்று நம் ஊர் விளம்பரத்தில் இருப்பது எல்லாம் இருக்கிறது. நம்மிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது: குடும்பம் கிழக்கு வங்காளமா, மேற்கு வங்காளமா என்று போடுகிறார்கள். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு கல்யாண விளம்பரத்தில் அந்தக் கோடு நிற்கிறது. சரித்திரப் புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு தேதியாகப் போயிருக்கும்.

மொழி லாபமும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த நாலு வரி, பெயரும் எண்ணும் மட்டும் மாறும். பத்தாவது விளம்பரத்தில் அந்த அச்சு மனப்பாடம் ஆகிவிடுகிறது.

மார்ச் 5

குடியாத்தத்திலிருந்து: "போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லுமே?"

சொல்லும். அவசரத்துக்கு நானும் காட்டுவேன். ஆனால் எதிரில் நிற்கிற அம்மா கையிலிருக்கிற சீட்டைப் போனில் காட்டினால் அவர் போனைப் பார்ப்பார். நானே வாசித்தால் என்னைப் பார்ப்பார்.

மார்ச் 19

சமையல் குறிப்புகள். ஒரு மாதமாக இதே பைத்தியம். கடுகெண்ணெய் காயவைத்து மீன் வறுக்கிறது, கசகசா அரைத்து உருளைக்கிழங்கில் போடுகிறது, கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் தடவிப் பொரிக்கிறது. நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை வைத்துச் செய்து பார்த்தேன். வீட்டில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

சமையல் குறிப்பில்தான் மரியாதை ஏவல் நன்றாகப் படிந்தது. 'போடுங்க, விடுங்க, கிளறுங்க, இறக்குங்க' என்று வரிக்கு வரி வரும். வங்காளத்தில் எதிராளியைக் கூப்பிட மூன்று நிலை உண்டு: 'ஆப்னி', 'துமி', 'துய்'. நமக்கு நீங்கள், நீ என்று இரண்டு. அந்த நடு நிலை எங்கே வரும், எங்கே வராது என்பது இலக்கணப் புத்தகத்தில் ஒரு அட்டவணையாகத்தான் இருக்கும். சமையல் குறிப்பு எப்போதும் 'ஆப்னி'. குழந்தைப் பாட்டு 'துய்', 'துமி'. சுவரொட்டி 'ஆப்னி'. சாமி பாட்டில் கடவுளை 'துமி' என்கிறார்கள். நாமும் சாமியை 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம். இதையெல்லாம் ஒரே நாவலில் தேடினால் கிடைக்கலாம். விதவிதமான நாலு துண்டில் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது.

மார்ச் 20

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது. வங்காளம் வடக்கத்தி மொழி, தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறவர்களுக்காக. குடும்பம் வேறுதான். ஆனால் வாக்கியம் போகிற போக்கு நமக்குப் பழகினது. வினை கடைசியில் வரும். 'இவர் டாக்டர்' என்றால் அங்கேயும் அவ்வளவுதான், நடுவில் 'இருக்கிறார்' தேவையில்லை. 'எனக்குத் தம்பி இருக்கிறான்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'என் தம்பி இருக்கிறான்' என்கிற மாதிரிச் சொல்வார்கள். 'டீ கீ', 'தண்ணி கிண்ணி' என்று நாம் சொல்வதை அவர்கள் 'சா-டா', 'ஜொல்-டொல்' என்பார்கள். தண்ணீர், டீ, மருந்து எல்லாவற்றையும் 'சாப்பிடுகிறார்கள்'. காபி சாப்பிடுகிற நமக்கு அதில் என்ன ஆச்சரியம்?

உறவு முறையும் அப்படித்தான். அப்பாவின் அண்ணன் வேறு, தம்பி வேறு. அம்மாவின் தங்கை வேறு, அப்பாவின் தங்கை வேறு. பெரியப்பா, சித்தப்பா, சித்தி, அத்தை என்று நேராகப் போட்டுக்கொண்டே போகலாம்.

ஏப்ரல் 15

நேற்று நமக்குப் புது வருஷம், பங்களாதேஷ்காரர்களுக்கும் நேற்றுதான். இன்றைக்கு மேற்கு வங்காளத்துக்காரர்களுக்கு. ஒரே மொழி, ஒரே வைசாக மாதம், ஆனால் பங்களாதேஷில் நாட்காட்டியைத் திருத்தி ஏப்ரல் 14 என்று நிலைநிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கம் பஞ்சாங்கப்படி போகிறது. இரண்டு பேருக்கும் பிறந்திருப்பது வங்காள ஆண்டு 1432. மெஸ்ஸில் இரண்டு நாளும் வாழ்த்து எழுதி ஒட்டியிருந்தார்கள்.

புது வருஷ நாட்காட்டித் தாள் ஒன்றின் கீழே பழமொழிகள் போட்டிருந்தன. ஒன்றைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். 'நாச்தே நா ஜான்லே உடோன் பாங்கா.' ஆடத் தெரியாவிட்டால் முற்றம் கோணல்! நம் பாட்டிமார் சொல்கிற 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' அப்படியே ஆயிரம் மைல் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றுக்கு நம்மிடம் ஜோடி கிடைக்கவில்லை: மரத்தில் பலா, மீசையில் எண்ணெய். பலாப் பால் ஒட்டாமல் இருக்கக் கைக்கு எண்ணெய் தடவுவோம், தெரியும். பழம் மரத்தில் இருக்கும்போதே மீசைக்குத் தடவிக்கொண்டு காத்திருக்கிறாராம் ஒருத்தர். பண்ருட்டிக்காரர்களிடம் இதற்கு ஒரு பழமொழி இருக்க வேண்டுமே, யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 17

பழமொழியை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுக் கடையில் அடித்துவிடலாமா என்று ஒருவர். வேண்டாம். உடம்பு முடியாமல் வந்து நிற்கிறவர்களிடம் பழமொழி எதற்கு? 'மாஷிமா, உட்காருங்க' என்றாலே போதும். மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி.

மே 9

அக்னி நட்சத்திரம். மத்தியானத்தில் ரோட்டில் ஆளே இல்லை, நிறையப் படிக்க முடிகிறது.

இன்றைக்கு தாகூர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்கள், வைசாகம் 25. அவருடைய பெரிய நூல்களை நான் தொடவில்லை. 'கணிகா' என்று 1899இல் வந்த ஒரு தொகுப்பு இருக்கிறது, அதில் பல பாட்டுகள் இரண்டு வரி, நாலு வரிதான். அதிலிருந்து ஒன்றை மெஸ் வைத்திருக்கிற அக்கா எழுதிக் கொடுத்தார்.

மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் மண் அகலிடம் சொல்கிறது: என்னை 'தம்பி, அண்ணா' என்று உறவு கொண்டாடினால் கழுத்தை நெரித்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து வானத்தில் நிலா வருகிறது. மண்ணெண்ணெய் விளக்கு உடனே, 'வாங்க, என் தாதா!' என்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

'தாதா' என்றால் அண்ணன். எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் விழுகிற சொல்! ஆட்டோக்காரர் சவாரியைப் பார்த்து 'தாதா', கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்து 'தாதா', வாடிக்கையாளரும் பதிலுக்கு 'தாதா'. அந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்ல முந்துகிறார்கள், யார் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள் என்று நாலு வரியில் காட்டிவிட்டார். அதைப் படித்த பிறகு எனக்குக் கடையில் நிற்கிற விதமே கொஞ்சம் மாறியது. நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறவரை எத்தனை சீக்கிரம் 'தாதா' என்கிறோம், கிராமத்திலிருந்து லுங்கியோடு வருகிறவரை எத்தனை தாமதமாக என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மே 25

ஆற்காட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

விளம்பரத்தில் இறந்தகாலம் கிடையாது. சமையல் குறிப்பில் எல்லாம் ஏவல். பழமொழியில் காலமே கிடையாது. எனவே 'வந்திருந்தார்', 'வந்துகொண்டிருந்தார்', 'வருவார்' (பழக்கமாக வருவார் என்ற பொருளில்) என்ற வித்தியாசங்கள் என் வாசிப்பில் வரவே இல்லை. ஒருவர் தன் வியாதி எப்படி ஆரம்பித்தது என்று சொல்லும்போதுதான் இது வேண்டியிருக்கிறது. முதலில் காய்ச்சல் வந்தது, அப்புறம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, ஊரில் டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். முன்பின் என்ன என்று பிடிபட வேண்டும். அதற்குக் கதை வேண்டும், செய்தி வேண்டும், ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய கடிதம் வேண்டும்.

ஆனாலும் நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். துண்டுகளின் வகையைக் கூட்ட வேண்டும் என்பேன். ஒரே வகையை விடாமல் படித்தால் ஆள் அங்கேயே தேங்கிவிடுவார், பஸ் போர்டோடு நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மே 27

இன்னொரு விஷயம், இது எழுத்து மொழி பற்றியது. பழைய வங்காளப் பாடநூல்களில் வினைச்சொல் நீளமாக இருக்கும். வித்யாசாகர் 1855இல் எழுதிய பிள்ளைகளுக்கான அரிச்சுவடியைப் புரட்டினால் இன்றைக்கு யாரும் பேசாத வினைமுற்றுகள் வரும். இருபதாம் நூற்றாண்டில் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற நடைக்கு மாறிவிட்டார்கள். அதனால் இன்றைய பேப்பரில் படிக்கிற வினைச்சொல்லை அப்படியே கடையில் பேசலாம். தமிழ் படிக்க வருகிற வங்காளிக்கு அந்த வசதி இல்லை. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று புத்தகத்தில் படித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தால் 'வந்துகினு கீறாங்க' என்று காதில் விழும். பாவம் அவர்கள்.

ஜூலை 10

கோட்டைப் பக்கம் போய்வந்தேன். 1806 ஜூலை 10, சிப்பாய்கள் எழுந்த நாள். ஒரு வங்காளக் குடும்பம் கல்வெட்டுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஊர் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூர். அங்கே 1824இல் சிப்பாய்கள் எதிர்த்து நின்றார்கள், 1857 மார்ச்சில் மங்கள் பாண்டே சுட்டதும் அங்கேதான். வேலூரில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்தது என்று நான் சொன்னதும் அந்தப் பையன் போனில் வங்காளத்தில் தேடி, ஒரு சின்னக் கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினான். தலைப்பாகை, தோல் பட்டை, தாடியை மழித்து மீசையைக் கத்தரிக்கச் சொன்ன உத்தரவு எல்லாம் வந்தது. எங்கள் ஊர்க் கதையை அவர்கள் மொழியில் கேட்பது தனிச் சுகம்.

பதிலுக்கு நான் வேலூரைப் பற்றி ஊரார் சொல்கிற வேடிக்கையை வங்காளத்தில் சொன்னேன்: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டதால் கடைசி ஒன்று இப்போது செல்லாது என்றும் சொன்னேன். பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை என்று பையன் விடாமல் கேட்டான். அதை விளக்க என் வங்காளம் போதவில்லை, அவன் அப்பாவுக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்துகொண்டது.

ஜூலை 19

மே 25 குறிப்பில் கதை வேண்டும் என்றேன் அல்லவா. கிடைத்துவிட்டது.

பனஃபூல் என்று ஒரு எழுத்தாளர். இயற்பெயர் பலாய்சாந்த் முகோபாத்யாய், 1899 ஜூலை 19 பிறப்பு, 1979இல் காலமானார். டாக்டர். பீகாரில் இருக்கிற பாகல்பூரில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கிற லேப் வைத்திருந்தவர். அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று ஏராளமான கதை எழுதினார். எனக்கென்றே எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது: நீளம் ஒரு பக்கம், ஆனால் முழுக் கதை, முன்னும் பின்னும் காலம் உண்டு.

'வேப்பமரம்' என்ற கதையைப் படித்தேன். ஒருவர் பட்டையை உரித்து வேகவைக்கிறார். ஒருவர் இலையைப் பறித்து அரைக்கிறார். சொறி சிரங்குக்கு நல்லது. ஒருவர் கொழுந்தைக் கத்தரிக்காயோடு வதக்கித் தின்கிறார். வைத்தியர்கள் புகழ்கிறார்கள். வீட்டுப் பக்கத்தில் முளைத்தால் பெரியவர்களுக்குச் சந்தோஷம், வெட்டாதே என்பார்கள். ஆனால் யாரும் பராமரிப்பதில்லை, சுற்றிக் குப்பை சேர்கிறது. ஒரு நாள் புது மாதிரி ஆள் ஒருவன் வருகிறான், கவிஞன். பட்டையை உரிக்கவில்லை, இலையைப் பறிக்கவில்லை, மலைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறான், பூவின் அழகைச் சொல்லிவிட்டுப் போகிறான். மரத்துக்கு அவனோடு போய்விட ஆசை. முடியவில்லை, வேர் மண்ணுக்குள் வெகுதூரம் போய்விட்டது. கடைசி வரியில் பக்கத்து வீட்டு மருமகளுக்கும் அதே நிலைமை என்று முடிக்கிறார்.

முதல் பாதி முழுக்க மருந்துக் கடைச் சொற்கள். அரைக்கிறது, கொதிக்கவைக்கிறது, தோல் வியாதி, கல்லீரல். எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் வேகமாகப் போனேன், அந்தக் கடைசி வரி என்னை நிறுத்திவிட்டது. எங்கள் கடைக்குக் கணவனையோ மாமியாரையோ சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்க்கிறேன். சீட்டு, ரசீது, ஃபைல் எல்லாம் அவர்கள் கையில். 'உங்களுக்கு ஏதாவது வேணுமா?' என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. நான் கேட்கிறேன் இப்போது. தலைவலி மாத்திரை கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

ஜூலை 22

வேப்பமரக் கதையின் தமிழ் முழுதும் போடுங்கள் என்று கேட்காதீர்கள், போட மாட்டேன். அந்தக் கடைசி வரியை வங்காளத்தில் வாசித்தால்தான் அதன் அடி தெரியும். எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு மாதம், படிக்க ஒரு மாதம். முயற்சி செய்யுங்கள்.

ஆகஸ்ட் 17

2024 ஆகஸ்டுக்குப் பிறகு பங்களாதேஷ்காரர்களுக்கு விசா கிடைப்பது கடினமாகிவிட்டது. தெருவில் நடந்தாலே வித்தியாசம் தெரிகிறது. வாசிப்பிலும் தெரிகிறது. அவர்கள் கொண்டுவருகிற தாளில் தண்ணீர் 'பானி', குளியல் 'கோசொல்'. மேற்கு வங்காளத் தாளில் 'ஜொல்', 'ஸ்னான்'. இரண்டும் கலந்து கிடைத்தபோது எதை எங்கே என்று தானாகவே படிந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் வருகிறது. அந்த மனிதர்கள் எங்கே வைத்தியம் பார்க்கிறார்களோ என்ற கவலைதான் பெரிது.

ஒரு சந்தோஷம்: 'சொல்பே' என்ற சொல். அவர்கள் சீட்டில் மருந்துப் பெயருக்கு எதிரே இருக்கும், இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்கு. நேற்று ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் அடியில் அதே சொல். நம் பத்திரிகையில் 'தொடரும்' போடுகிற இடம். சீட்டில் தெரிந்த சொல் கதைத் தாளில் வந்து என்னைக் கூப்பிட்டது. ஆற்காட்டுக்காரருக்கு நான் எழுதவேண்டிய பதில் இதுதான். துண்டுகள் தனித்தனியாகக் கிடப்பதில்லை, ஒன்றில் பார்த்தது இன்னொன்றில் வந்து சேர்கிறது.

செப்டம்பர் 14

ஆற்காட்டுக்காரர் மறுபடியும் தெலுங்கை எடுத்திருக்கிறாராம். நல்ல செய்தி. நாவலோடுதான் என்கிறார். படிக்கட்டும். கூடவே சித்தூர் பக்கம் போகும்போது ஒரு தெலுங்குப் பேப்பர், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் வாங்கிவரச் சொல்கிறேன்.

குடியாத்தத்துக்காரரும் சோளிங்கர்க்காரரும் எழுத்துப் படிக்க உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு மத்தியானம் எனக்கு ஓய்வு. கோட்டை அகழிக்கு எதிரே பூங்காவில் நாலு மணிக்கு வருகிறேன். மெஸ் அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், உச்சரிப்பு அவர் பொறுப்பு. ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்களை வீட்டிலேயே எழுதிப் பழகிவிட்டு வந்தால் முதல் நாளே சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். மீன் குழம்பா, கத்தரிக்காய்ப் பொரியலா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாளை எடுத்துவைக்கிறேன்.